ரூம் சாமான் விற்பனைக்கு

பழைய சாமான் விற்கிற தொழிலுக்கு முதல் அதிகம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும் என்பார்கள். அதையே முகநூலில் விற்கப் போனால் அந்தப் பொறுமையையும் கடன் வாங்க வேண்டியிருக்கும். இணையத்தில் எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். படத்திலேயே விலையை எழுதியிருந்தாலும் "ரேட் ப்ளீஸ்" என்று கேட்பவர்கள், பதில் போட்ட அடுத்த நிமிஷம் காணாமல் போகிறவர்கள், ஒரு பக்கெட்டுக்கு எட்டுக் கோணத்தில் படம் கேட்பவர்கள் எல்லாரும் உங்களுக்கும் வாய்த்திருப்பார்கள்.

நான் 2007-இல் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவள். செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் ஆபரேட்டர் வேலை, ஹாஸ்டல் வாசம். பக்கத்தில் வல்லம் வடகால் ஊர்க்காரரான ஏழுமலையைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் குட்டியானை ஓட்டுகிறவர், அதாவது சின்ன லோடு வண்டி. குழந்தை வயிற்றில் தங்கியதும் வேலையை விட்டுவிட்டுப் படப்பையில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அப்போது பாதிச் சவாரி ரூம் காலி செய்கிற பையன்களுடையதுதான். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தால் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாவற்றையும் வீட்டு ஓனரிடம் சும்மா விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அதே வாரம் புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கி, அதே சாமான்களைக் கடையில் புதிதாக வாங்கும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் 2011-இல், கையில் இருந்த போனிலேயே "ரூம் சாமான்" என்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். விற்றுக் கொடுத்தால் எங்களுக்கு வண்டி வாடகை, அதற்கு மேல் கொஞ்சம்.

எல்லாருக்கும் போன் போட்டேன்

முதலில் போட்டது ஒரு டேபிள் ஃபேன். துடைத்து, பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் வைத்துப் படம் எடுத்தேன். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு லைக். பன்னிரண்டும் என்னோடு லைனில் வேலை பார்த்த பெண்கள். ஒரு ஃபேனுக்குப் பன்னிரண்டு பேர் போட்டி என்று நினைத்துவிட்டேன். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற பதினொரு பேர் கோபித்துக்கொள்வார்களே என்று, நியாயமாக இருக்கட்டும் என்று, வரிசையாக ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "உனக்கு ஃபேன் எப்ப வேணும்?" என்று கேட்டேன்.

முதல் நாலு பேரும் ஏதோ வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்த ஃபேனை வாங்கியது லைக்கே போடாத ஒரு பையன். பக்கத்துக் கட்டில்காரன் போனை எட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டதாம். வாங்குகிறவன் லைக் போடமாட்டான், லைக் போடுகிறவன் வாங்கமாட்டான் என்பது எனக்கு விளங்கவே அந்த ஒரு வாரம் பிடித்தது. ஆனால் ஐந்தாவதாகப் போன் எடுத்த செல்வி அன்றைக்கே அதை எனக்கு விளக்கத்தான் செய்தாள். "அக்கா, படத்துல அந்தப் பூப்போட்ட துணி நல்லா இருந்துச்சு, லைக் போட்டேன். ஃபேனை நான் பாக்கவே இல்லையே!"

கட்டிலுக்குப் பின்னால் அத்தை

ஒரு இரும்புக் கட்டிலைப் படம் பிடித்துப் போட்டேன். போட்ட பிறகுதான் கவனித்தேன், கட்டில் கம்பிகளுக்கு நடுவே என் மாமியார் கன்னியம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அழிக்கலாம் என்று போனால், அதற்குள் கீழே இருபது முப்பது கமென்ட். ஒருவரும் கட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, இன்னிக்கு என்ன குழம்பு?" "எங்க ஹாஸ்டல்ல மூணு மாசமா கீரையே கண்ணுல காட்டல." "அம்மாவைப் பாத்தா எங்க பெரியம்மா மாதிரியே இருக்கு." எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "முருங்கக்கீர பொரியல்னு எய்தும்மா. பாவம், பசங்க கேக்குதுங்க."

மறுநாள் காலையில் ஒரகடத்திலிருந்து ஒரு பையன் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். புதுக்கோட்டைக்காரன், ஏதோ ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. தொழில் புத்தி போகுமா? கட்டிலை நாலு மூலையிலும் பிடித்து ஆட்டினான், குனிந்து வெல்டிங்கைப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். அரைமணி நேரமாகியும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, "நகரு தம்பி" என்று கட்டில் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தை நல்ல கனமான ஆள். "பாரு, ஆடுதா? சத்தம் கீதா?" என்று இரண்டு தடவை எழும்பி எழும்பி உட்கார்ந்து காட்டினார்.

பையன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கட்டிலை எங்கள் வண்டியில் ஏற்றினான். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "அக்கா, இனிமே எல்லாத்துக்கும் 'அம்மா உக்காந்து பாத்தது'ன்னு போட்டுருங்க. எங்க கம்பெனியில கூட இப்படி டெஸ்ட் பண்றதில்ல."

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கிளை

அப்படியே போட்டேன். நாற்காலி என்றால் அத்தை உட்கார்ந்திருப்பார், மிக்ஸி என்றால் பக்கத்தில் கையில் டம்ளரோடு நிற்பார். கொஞ்ச நாளில் படம் எடுக்கப் போகிறேன் என்றால் புடவை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் லோடு இறக்கப் போனபோது, யாரோ ஒருவர் போனில் எங்கள் பீரோவின் படத்தைக் காட்டியிருக்கிறார். பீரோ எங்களுடையது, முன்னால் நிற்கிற அத்தையும் எங்களுடையவர். பக்கத்தின் பெயர் மட்டும் வேறு. அந்த ஊரில் சதீஷ் என்று ஒருவன் எங்களுடைய படங்களை எல்லாம் எடுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்பரைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னாடா, நான் எப்போடா உன் வூட்டாண்ட வந்து நின்னேன்?" சதீஷ் நிதானமாகப் பேசினான். கட்டில், பீரோ எல்லாம் அவனிடமும் இருக்கிறதாம், திருட்டு வியாபாரம் ஒன்றும் இல்லையாம். அத்தை அதற்கெல்லாம் மசியவில்லை. அவன் கடைசியாகச் சொன்னதற்குத்தான் அடங்கினார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "வுட்டுடும்மா, பொயச்சிப் போறான்" என்று உள்ளே போய்விட்டார். அவன் சொன்னது இதுதான். "என்னாண்ட எல்லா சாமானும் கீதும்மா. உன்ன மாதிரி ஒரு முகம்தான் இல்ல."

அது என் சைக்கிள்

ராஜபாண்டி என்று சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்து ரூமைக் காலி செய்தான். ஒரு பச்சை சைக்கிளை விற்கச் சொல்லிக் கொடுத்தான். போட்டுப் பத்து நிமிஷம் இருக்காது, கீழே ஒரு கமென்ட். "இது என் சைக்கிள்." எழுதியவன் பெயர் இசக்கிமுத்து. ஹேண்டில் பாருக்குக் கீழே என்ன கீறல், சீட்டில் எங்கே கிழிசல் என்று எல்லாம் எழுதியிருந்தான். ஓடிப் போய்ப் பார்த்தேன். சொன்ன இடத்தில் சொன்ன கீறல்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து "திருட்டுச் சாமான் விக்கிற பேஜ்" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேர். அழித்தால் பயந்து அழித்தேன் என்பார்கள், வைத்திருந்தால் வளர்ந்துகொண்டே போகும். என் வீட்டுக்காரர், "போலீஸ் வந்தா என்னத்தான் கேப்பாங்க, வண்டி என்னுது" என்று அவர் பங்குக்குப் பயந்துகொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேருக்கும் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் படப்பை பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வரச் சொன்னேன். சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனேன்.

இசக்கிமுத்து முதலில் வந்தான். அவனும் ராஜபாண்டியும் ஒரே ரூமில் இருந்தவர்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சூப்பர்வைசரோடு சண்டை போட்டு, வேலையை உதறிவிட்டு, உடுத்திய துணியோடு ஊருக்குப் போனவன். எட்டு மாசம் கழித்து வேறு கம்பெனியில் சேர்ந்து திரும்பியிருக்கிறான். பழைய ரூமுக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு வல்லத்தில் தங்கியிருக்கிறான். சைக்கிளை முகநூலில் பார்த்ததும், தன்னை இங்கே யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்று ஆத்திரம்.

ராஜபாண்டி வந்ததும் நான் நடுவில் நின்றுகொண்டேன், அடிதடி ஆகிவிடுமோ என்று. ராஜபாண்டி சைக்கிளைக் காட்டினான். "புது டயர் போட்டுருக்கேன், புது செயின் போட்டுருக்கேன், வாராவாரம் தொடச்சி வச்சேன். எட்டு மாசம் ஒரு போனு கிடையாது. நான் அடிச்சா எடுக்கல. கோயம்புத்தூருக்குப் போறப்ப ஒன் சைக்கிளைத் தலையில தூக்கிட்டா போவேன்? ஏல, நீதான சொன்ன, செத்தாலும் ஒரகடம் பக்கம் வரமாட்டேன்னு?" இசக்கிமுத்து குனிந்து புது செயினைத் தொட்டுப் பார்த்தான். பெடலைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். என் பக்கத்தைப் பற்றித் தப்பாக எழுதியவர்களுக்கு எல்லாம் அங்கேயே டீ குடித்துக்கொண்டு பதில் எழுதிக் கொடுத்தான். அதன் பிறகுதான் ராஜபாண்டியின் முகத்தைப் பார்த்துப் பேசினான். "சொன்னேன், இல்லங்கல. அதுக்காக நம்பிருவியால?"

ஒரே ஒரு நட்சத்திரம்

கொஞ்ச காலம் கழித்து, பக்கத்துக்கு மதிப்பெண் போடுகிற வசதி வந்தது. ஐந்து நட்சத்திரம் என்றால் மிக நன்று, ஒன்று என்றால் மட்டம். எல்லாரும் ஐந்து, நாலு என்று போட, கோவிந்தன் என்று ஒருவர் ஒன்றே ஒன்று போட்டிருந்தார். காரணம் எழுதவில்லை. அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரர், எங்களிடம் கிரைண்டர் வாங்கியவர். கல் தேய்ந்ததா, பெல்ட் அறுந்ததா, ஷாக் அடித்ததா என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. கூப்பிட்டால் எடுக்கவில்லை. நாலாம் நாள் புது பெல்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரரும் வண்டியிலேயே அவர் வீட்டுக்குப் போய்விட்டோம். வழியெல்லாம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பேசிக்கொண்டே போனோம்.

அவர் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றார். உள்ளே கிரைண்டர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் சூடாக வடை வந்தது. அந்த உளுந்து எங்கள் கிரைண்டரில் அரைத்ததுதானாம். இரண்டு வடை உள்ளே போன பிறகு என் வீட்டுக்காரர் மெல்ல, "அண்ணே, ஸ்டார் விஷயமா..." என்று இழுத்தார். கோவிந்தன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டீங்களா? எல்லாரும் அஞ்சு, நாலுன்னு ரேங்க் போட்டு வெச்சிக்கீறாங்கோ. எனக்கு மனசே கேக்கல. நான்தான் உங்களுக்கு ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்தேன்!"

ஜெயராணியின் மெத்தை

2014-இல் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். மூடப் போகிறார்கள் என்று மாசக்கணக்காகப் பேச்சு இருந்தது. ஆனாலும் மூடுகிற அன்றுவரை யாரும் நம்பவில்லை. அதன் பிறகு ஹாஸ்டல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் காலியாயின. என் பக்கத்தின் இன்பாக்ஸில் படமாக வந்து விழுந்தது. கட்டில், ஸ்டவ், வாளி, ரேக், கண்ணாடி, இஸ்திரிப் பெட்டி. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கமென்ட் இல்லை. என் பக்கத்தைப் பார்க்கிற அத்தனை பேரும் விற்கிறவர்களாகவே ஆகிவிட்டார்கள். எங்கள் வாசல் நிரம்பி, பக்கத்துப் போர்ஷன் வாசலும் நிரம்பியது. காயலாங்கடைக்காரர் வந்து, எல்லாவற்றையும் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "குடுத்துடலாம். இன்னா பண்றது?" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயராணி வந்தாள். திண்டிவனத்துக்காரி. லைனில் மூன்று வருஷம் எனக்கு அடுத்த ஸ்டூல். நான் வேலையை விட்ட பிறகும் அங்கேயே இருந்தவள். ஷேர் ஆட்டோவில் மெத்தையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். படம் அனுப்பியிருக்கலாமே என்றேன். "யாரோ ஒருத்தர் எடைக்குப் போட்டுருவாங்கன்னு பயமா இருந்துச்சுடி" என்றாள். மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஏதேதோ பேசினாள். பகலில் தூங்க ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டது, மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் பார்த்ததில் கிழமையே மறந்துபோனது, தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் பேசியதை அப்படியே போனில் எழுதினேன். "இது ஜெயராணியின் மெத்தை. ஏழு வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து இதில்தான் தூங்கினாள். தம்பி படித்து முடித்துவிட்டான். கம்பெனி மூடிவிட்டது. ஊருக்குப் போகிறாள். மெத்தை சுத்தமாக இருக்கிறது. மரியாதையாக வைத்துக்கொள்கிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்." விலை போடவில்லை. போடுவதற்கு முன் அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். "தம்பி விஷயத்தை எடுத்துரு. ஃபிரண்ட்ஸ் பாத்தா கூச்சப்படுவான்" என்றாள். எடுத்துவிட்டுப் போட்டேன்.

மறுநாளைக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. நான் கண்டிராத ஊர்க்காரர்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். ஜெயராணிக்கு அடுத்த வேலை கிடைத்ததா என்று கேட்டார்கள். தாம்பரத்தில் நர்ஸ்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றின் வார்டன் அம்மா போன் செய்து, மெத்தையோடு இன்னும் ஆறு கட்டிலும் கேட்டார். பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் அதன் சொந்தக்காரரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டும் எழுதிப் போட்டேன். தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று என் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டே இருந்தார். எல்லாம் விற்றுவிட்டது என்று சொன்னால் பொய். பாதிச் சாமான் காயலாங்கடைக்குத்தான் போனது. மீதிப் பாதி மனிதர்கள் வீட்டுக்குப் போனது.

ஜெயராணியை ரயில் ஏற்றிவிடச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வண்டி வரும்வரை என் போனை வாங்கி, கமென்ட்டுகளை மேலிருந்து கீழ்வரை வாசித்துக்கொண்டிருந்தாள். வண்டி சத்தம் கேட்டதும்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஏழு வருஷம் வேல பாத்தேன், பேட்ஜ் நம்பரத்தான் கேட்டாங்க. ஒரு மெத்தைய விக்கப் போனா ஊரே எம் பேரக் கேக்குது, பாரேன்."

ரூல்ஸ்னா ரூல்ஸ்

அடுத்த வருஷம் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். ஹாஸ்டலுக்கு ஒரு குரூப், தெருவுக்கு ஒரு குரூப். காலையில் ஒருவன் "ஃபேன் இருக்கு" என்பான், மத்தியானம் அடுத்த அறைக்காரன் தூக்கிக்கொண்டு போவான். நடுவில் நான் எதற்கு? என் பக்கத்தில் ஈ ஓடவில்லை. அதில் பெரிய குரூப் ஒன்றுக்கு அட்மினாக இருந்த தினேஷ் என்ற பையனைப் பிடித்து, என்னையும் சேர்த்துக்கொள் என்று கேட்டேன். ஒரு நாள் பூராவும் யோசித்துவிட்டுக் கூப்பிட்டான். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, நான் இந்த ஊருக்கு வந்து வாங்கின முதல் வாளியே உங்க பேஜ்லதான். உங்களப் பாத்துத்தான் இந்த குரூப்பே ஆரம்பிச்சேன். ஆனா ஏஜென்ட் நாட் அலோடு. ரூல்ஸ்னா ரூல்ஸ்க்கா."

அந்தப் பக்கத்தை நான் மூடவில்லை. மூடுவதற்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தேடவும் இல்லை. என் வீட்டுக்காரர் இப்போது ஒரு கம்பெனிக்கு மாச ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டுகிறார். எப்போதாவது யாராவது வந்து, என்றைக்கோ விற்றுப்போன ஒரு வாஷிங் மெஷினுக்குக் கீழே "இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, எந்த ஊர், எந்த ஷிப்ட், சாப்பிட்டாச்சா என்று நானும் விசாரிப்பேன்.

நாலு வருஷம் முகநூலில் கடை போட்டு நான் கற்றுக்கொண்ட மார்க்கெட்டிங் இவ்வளவுதான்: சாமானைப் பற்றிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் பேச்சுத்துணை தேடி வருகிறவர்கள், அவர்களைப் பேச விட்டால் போகும்போது கூச்சத்துக்காவது ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போவார்கள்.